ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு, தேடினா கிடைக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கேஸ் ஷீட், ஓபி சீட்டு, எக்ஸ்ரே எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தறதைப் பத்தி. டெக்னிக்கல் சமாச்சாரம்னு தாண்டிப் போயிடாதீங்க. தோல் வேலை, ஷூ வேலை பாக்கற வீடுகள்ல இருக்கறவங்க கடைசி வரை படிங்க. உங்களுக்கான பகுதி பின்னாடி இருக்கு.

ஜூனியர் டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், மருத்துவமனை அலுவலகத்துல இருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்வி: "சார், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மைக்ரோசாப்ட் ஆக்சஸ் இருக்கு. ஸ்கேன் பண்ண பேப்பரை அதுக்குள்ள எப்படிக் கொண்டு வர்றது?"

ஒரு வரி பதில்: உள்ள கொண்டு வராதீங்க. படம் ஒரு ஃபோல்டர்ல இருக்கட்டும். அந்தப் படம் எங்க இருக்குங்கற முகவரி மட்டும் டேட்டாபேஸ்ல இருக்கட்டும்.

இது பாதி பதில்தான். மீதிப் பாதியை யாரும் கேக்கறதில்லை. படத்தை ஏத்திட்டு, அந்த நோயாளி என்ன வேலை பாக்கறார்னு ஒரு கட்டத்துல டைப் அடிக்காம விட்டா, வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். இதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

முதல்ல பேப்பர் எந்த நிலைமையில இருக்குன்னு பாப்போம்.

நம்ம ஊர் நோயாளியோட உண்மையான ரெக்கார்டு ரூம் எது தெரியுமா? மஞ்சப்பை. பிளாஸ்டிக்குக்கு மாத்தா அரசு "மீண்டும் மஞ்சப்பை"னு கொண்டு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, ஓபி ரூமுக்கு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்த ஒவ்வொருத்தர் மடியிலயும் அது இருந்துச்சு. அதுக்குள்ள பத்து வருஷ சீட்டு, ரெண்டு எக்ஸ்ரே ஃபிலிம், மடிச்சு மடிச்சு கிழிஞ்ச டிஸ்சார்ஜ் சம்மரி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மாத்திரை அட்டை எல்லாம் ஒண்ணா இருக்கும். வீடு ஒழுகினா பை நனையும். வீடு மாறினா பை காணாமப் போகும்.

ஈசிஜி பேப்பர் இன்னும் மோசம். அது வெப்பத்துல அச்சாகற தாள். சில வருஷத்துல வெளுத்துடும், பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சா இன்னும் சீக்கிரம் வெளுக்கும். "பத்திரமா வெச்சிருந்தேன் சார்"னு எடுத்துக் குடுக்கறப்போ, கையில வர்றது கட்டம் போட்ட வெள்ளைத் தாளா இருக்கும்.

மருத்துவமனை பக்கம் சட்டம் என்ன சொல்லுது? இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 ஒழுக்க விதிகள்படி, உள்நோயாளி ரெக்கார்டை ஒரு டாக்டர் குறைஞ்சது 3 வருஷம் வெச்சிருக்கணும். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். அந்த 3 வருஷத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அதனால ஸ்கேன் பண்றது நல்ல விஷயம். அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படிப் பண்றோம்ங்கறதுலதான் சண்டை.

இப்போ கணக்கு. ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ-ல கலர்ல ஸ்கேன் பண்ணா 2480 பெருக்கல் 3508 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட். மொத்தம் சுமார் 26 எம்பி. ஜேபெக்கா சுருக்கினா ஒரு எம்பி பக்கத்துல வந்துடும், அதனால பயப்பட வேண்டாம்னு நினைப்பீங்க. ஆனா ஆக்சஸ்ல ஓஎல்இ ஆப்ஜெக்ட்னு ஒரு பழைய ஃபீல்டு வகை இருக்கு. அதுல ஜேபெக்கைப் போட்டா, திரையில காட்டறதுக்காக சுருக்காத பிட்மேப் பிரதி ஒண்ணையும் அது சேர்த்து வெச்சுக்கும். நீங்க போட்டது ஒரு எம்பி, உள்ள வீங்கறது இருபத்தஞ்சு எம்பி.

ஆக்சஸ் ஃபைலோட மொத்தக் கொள்ளளவு 2 ஜிபி. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு பைட் கூட ஏறாது. 26 எம்பி வீதம் வகுத்துப் பாருங்க. எண்பது தாள் சொச்சம். எண்பது நோயாளி இல்லைங்க, எண்பது தாள். நம்ம தாலுகா மருத்துவமனையில ஒரு காலைப் பொழுதுக்கே அது பத்தாது.

"சார், நான் புது ஆக்சஸ்ல அட்டாச்மென்ட் ஃபீல்டு போட்டிருக்கேன்"னு சிலர் சொல்வாங்க. 2007 பதிப்புல வந்தது அது. நல்ல வசதிதான், ஒரே ரெக்கார்டுல பல ஃபைல் ஒட்டலாம், ஓஎல்இ மாதிரி வீங்காது. ஆனா 2 ஜிபி வேலி அதுக்கும் உண்டு. தாளுக்கு ஒரு எம்பின்னு வெச்சா சுமார் 2000 தாள். உள்நோயாளி கேஸ் ஷீட் ஒண்ணு இருபது பக்கம்னா, நூறு பேரோட கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஃபைல் திறக்கவே நேரம் எடுக்கும், நெட்வொர்க்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல திறந்தா தொங்கும். ஒரு நாள் கரண்ட் போய் ஃபைல் கெட்டுப்போச்சுன்னா, பேரும் போச்சு, படமும் போச்சு. எல்லா முட்டையும் ஒரே கூடையில.

சரி, எப்படிப் பண்ணணும்?

டேட்டாபேஸ் ஃபைல் இருக்கற இடத்துலயே "படங்கள்"னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். ஸ்கேன் பண்ண ஒவ்வொரு பக்கமும் தனி ஜேபெக் ஃபைல். பேர் எண்ணாலயே இருக்கட்டும்: 2019-0342-01 மாதிரி. வருஷம், நோயாளி எண், பக்க எண். டேட்டாபேஸ்ல ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபீல்டுல அந்த ஃபைல் பேர் மட்டும். ஃபார்ம்ல ஒரு இமேஜ் கன்ட்ரோல் வெச்சு, அதோட கன்ட்ரோல் சோர்ஸா அந்தப் பாதையைக் குடுத்தா போதும், 2007-க்கு அப்புறம் வந்த ஆக்சஸ்ல படம் தானா திரையில வரும். நோயாளியை மாத்தினா படமும் மாறும். அந்தக் கன்ட்ரோல் பிடிஎஃப்-ஐக் காட்டாது, அதனாலதான் ஜேபெக் சொல்றேன்.

முழு முகவரியையும் டைப் அடிக்காதீங்க. "டி டிரைவ், ஆபீஸ் ஃபோல்டர், அதுக்குள்ள..."ன்னு எழுதி வெச்சா, கம்ப்யூட்டர் மாறற அன்னிக்கு எல்லாப் படமும் காணாமப் போகும். டேட்டாபேஸ் தான் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு அதுக்கே தெரியும். அந்தப் பாதையோட ஃபைல் பேரை ஒட்டிக்கச் சொல்லி ஒரே ஒரு இடத்துல எழுதிடுங்க. நாளைக்கு மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவ்ல எடுத்துப் போனாலும் வேலை செய்யும்.

நோயாளிக்கு ஒரு டேபிள், பக்கங்களுக்கு இன்னொரு டேபிள். "படம்1, படம்2, படம்3"ன்னு ஒரே டேபிள்ல கட்டம் போட்டுக்கிட்டே போகாதீங்க. ஒருத்தருக்கு ரெண்டு பக்கம் இருக்கும், இன்னொருத்தருக்கு நாப்பது இருக்கும்.

ஆக்சஸ் இல்லையா, லிப்ரே ஆபீஸ் பேஸ் இலவசம். முறை அதேதான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவுல முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளோட விஸ்டாங்கற பெரிய சிஸ்டம், எக்ஸ்ரேயையும் ஸ்கேன் பண்ண தாளையும் 1990-கள்லயே இப்படித்தான் வெச்சுது. படம் தனி சர்வர்ல, டேட்டாபேஸ்ல அதுக்கான சுட்டி மட்டும். அவ்வளவு பெரிய அமைப்புக்குச் சரிப்பட்டது நம்ம தாலுகா ஆஸ்பத்திரிக்கும் சரிப்படும்.

ஸ்கேனர் அமைப்பு பத்தி ரெண்டு வார்த்தை. எழுத்து மட்டும் இருக்கற தாளுக்கு 200 டிபிஐ, கிரே போதும், சில நூறு கேபி-ல முடிஞ்சிடும். டாக்டர் கையெழுத்தை 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணா மட்டும் புரிஞ்சிடுமா என்ன? தோல்ல வந்த புண்ணோட போட்டோவுக்கு மட்டும் கலர் அவசியம். எக்ஸ்ரே ஃபிலிம் சாதாரண ஸ்கேனர்ல வராது, கறுப்பா விழும். பின்னாடி இருந்து வெளிச்சம் வரணும். வியூ பாக்ஸ்ல மாட்டி, ரூம் லைட்டை அணைச்சுட்டு, நேரா நின்னு போட்டோ எடுங்க. "எல்", "ஆர்" குறி படத்துல தெரியுதான்னு பாருங்க. ஃபோன்ல இருக்கற ஸ்கேன் ஆப்ல எடுக்கறவங்க ஒண்ணு கவனிங்க. நிறைய ஆப் தானா கிளவுடுக்கு அனுப்பிடும். நோயாளியோட உடம்பு ஏதோ ஒரு கம்பெனி சர்வர்ல இருக்கும்.

அதே கவலை ஃபோல்டர் முறைக்கும் உண்டு. ஆக்சஸ் ஃபைலுக்கு பாஸ்வேர்டு போடலாம். வெளிய இருக்கற படங்களுக்கு அந்தப் பூட்டு கிடையாது. யார் வேணா ஃபோல்டரைத் திறந்து பாக்கலாம், தெரியாம பேரை மாத்தலாம், டெலீட் கூடப் பண்ணலாம். அதனால கம்ப்யூட்டருக்கே பூட்டு போடணும், ஹார்ட் டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணணும், வாரத்துக்கு ஒரு தடவை வேற டிஸ்க்ல நகல் எடுக்கணும். டேட்டாபேஸ்ல இருக்கற பேருக்கெல்லாம் ஃபோல்டர்ல படம் இருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவை சரி பாக்கணும். 2023-ல தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குன்னு தனிச் சட்டமே வந்தாச்சு. முக்கியமா, மேலதிகாரி அனுமதி இல்லாம இதை ஆரம்பிக்காதீங்க.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச யாரும் சொல்லிடுவாங்க. இனிமே சொல்றதுக்குத்தான் டாக்டர் வேணும்.

ஸ்கேன் பண்ண தாள் கம்ப்யூட்டருக்கு வெறும் புள்ளிக் கூட்டம். "கைல அரிப்பு, 6 மாசம், டேனரி"ன்னு அதுல எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எழுத்தைப் படிக்கற மென்பொருள் அச்சடிச்ச எழுத்துல நல்லா வேலை செய்யும். ஓபி சீட்டுல நாங்க கிறுக்கறதுல செய்யாது. ஆயிரம் படம் ஏத்திட்டு, "இந்த வருஷம் கையில தோல் அலர்ஜியோட வந்த டேனரி தொழிலாளிங்க எத்தனை பேர்?"னு கேட்டா, ஆயிரத்தையும் ஒவ்வொண்ணா திறந்துதான் பாக்கணும். அதுக்கு பழைய அலமாரியே மேல், தூசியாவது தட்டலாம்.

அதனால ஒவ்வொரு நோயாளிக்கும் கொஞ்சம் டைப் அடிச்சே ஆகணும். அதிகம் வேண்டாம். எண், பேர், பிறந்த வருஷம், ஊர், தேதி, நோய், வேலை. ஏழு கட்டம்.

பேரை நம்பி எதையும் தேடாதீங்க. லட்சுமியை நாலு விதமா எழுதலாம், முகமதுவை ஏழு விதமா எழுதலாம், இனிஷியல் முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை. ஃபோன் நம்பர் மகனோடதா இருக்கும், மகன் சிம் மாத்திடுவான். எண்தான் ஆதாரம். மாவட்டப் பேரை நம்பியும் பிரிக்காதீங்க. 2019-ல வேலூர் மூணா பிரிஞ்சுது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம் ஆச்சு, ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டைக்குப் போச்சு, பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூர்லயே தங்கிடுச்சு. 2018 சீட்டுல "வேலூர் மாவட்டம்"னு இருக்கற ஆளும், இன்னிக்கு "திருப்பத்தூர் மாவட்டம்"னு வர்ற ஆளும் ஒரே ஆளா இருக்கலாம். ஊர் பேரை எழுதுங்க, அது மாறாது.

இன்னொரு அலுவலகச் சிக்கல். தமிழ்ல டைப் அடிக்கறீங்கன்னா யூனிகோடுல அடிங்க. நிறைய அரசு அலுவலகங்கள்ல பல வருஷம் வானவில் ஃபான்ட்ல அடிச்சுப் பழக்கம். திரையில அழகான தமிழ் தெரியும், ஃபான்ட்டை எடுத்துட்டுப் பாத்தா உள்ள இருக்கறது ஆங்கில எழுத்துக் குப்பை. பழைய லிஸ்ட்டை அப்படியே ஒட்டினா தேடல்ல ஒண்ணும் சிக்காது. மாத்தி ஒட்டுங்க.

இப்போ ஏழாவது கட்டத்துக்கு வரேன். வேலை.

நம்ம ஓபி சீட்டுல பேர் இருக்கு, வயசு இருக்கு, ஆணா பெண்ணா இருக்கு. தொழிலுக்குன்னு இடம் இருந்தாலும் "கூலி"ன்னு எழுதிட்டுப் போயிடறோம். கேட்டா எப்படி இருக்கும் பாருங்க:

"ஐயா, என்ன வேலை பாக்கறீங்க?"

"கூலி வேலைதான் சார்."

"எங்க கூலி?"

"டேனரில."

"டேனரில என்ன பண்ணுவீங்க?"

"முன்னாடி டிரம்மு சார். இப்ப ஏழெட்டு வருஷமா பஃபிங்."

மூணு கேள்வி, அரை நிமிஷம். "கூலி"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள எவ்வளவு மறைஞ்சிருந்தது பாருங்க.

டேனரின்னு பொதுவா சொன்னா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. சுண்ணாம்பும் சல்ஃபைடும் போடற இடத்துல வேலை பாக்கறவருக்குத் தோல் வெந்து போகும், குழிக்குள்ள இறங்கினா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு ஆளையே கொல்லும். குரோம் டிரம்ல வேலை பாக்கறவருக்கு வர்றது பெரும்பாலும் கையில, முழங்கையில அலர்ஜி. ஒரு தடவை குரோமியத்துக்கு உடம்பு பழகி அலர்ஜி ஆயிடுச்சுன்னா, வேலையை விட்ட பிறகும் சிமென்ட்டைத் தொட்டாலே திரும்ப வரும், சிமென்ட்லயும் குரோமியம் இருக்கு. பஃபிங்ல வர்ற தோல் தூசியை, மூக்கிலயும் மூக்கைச் சுத்தி இருக்கற குழிகள்லயும் புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகையில வெச்சிருக்கு. ஸ்ப்ரே அடிக்கறவருக்கு மூச்சு. ஷூ கம்பெனியில பசை ஒட்டற அக்காவுக்கு கரைப்பான் வாசனை, தலைவலி, சில பேருக்கு கை கால் மரத்துப் போறது.

ராணிப்பேட்டைக்காரங்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கங்க. டேனரியில பயன்படுத்தறது பெரும்பாலும் மூணு இணைதிறன் குரோமியம், அது ஓரளவு சாது. அந்த உப்பைத் தயாரிக்கற இடத்துல இருக்கறது ஆறு இணைதிறன் குரோமியம், அது நுரையீரல் புற்றுநோய்க்கு உறுதியான காரணம். மூக்கு நடுச்சுவர்ல ஓட்டை விழறது அந்த வேலைக்காரங்களோட பழைய அடையாளம். சிப்காட்ல இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் கம்பெனி 1990-கள்ல மூடிடுச்சு. கழிவு மட்டும் லட்சக்கணக்கான டன் கணக்குல அங்கயே மலையா கிடந்துச்சு. அங்க இளவயசுல வேலை பாத்தவங்க இன்னிக்கு அறுபதைத் தாண்டியிருப்பாங்க. ஒருத்தர் இருமலோட வந்து உக்காந்தா, "பீடி குடிப்பீங்களா"ன்னு கேக்கற நாம "அந்தக் காலத்துல எங்க வேலை பாத்தீங்க"ன்னு கேக்கறோமா?

இங்கதான் அந்த 3 வருஷக் கணக்கு. குரோமியத்தால வர்ற புற்றுநோய் தலைகாட்ட இருபது முப்பது வருஷம் ஆகலாம். ரெக்கார்டு வெச்சிருக்கச் சொல்ற காலம் 3 வருஷம். நோய் வர்றதுக்குள்ள சாட்சி செத்துப்போகுது.

சாட்சின்னு சொல்றது சும்மா இல்லை. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923 சட்டம் 2025 வரைக்கும் நடைமுறையில இருந்துச்சு, அதோட மூணாவது அட்டவணையில தொழில்சார் நோய்கள் பட்டியல் இருந்துச்சு. குரோமியத்தால வர்ற நோய்கள் அதுல "பி" பிரிவு. ஒரே முதலாளிகிட்ட 6 மாசத்துக்குக் குறையாம தொடர்ந்து அந்த வேலை பாத்திருந்து நோய் வந்தா, அதை வேலையில பட்ட காயமாவே எடுத்துக்கணும், இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது எதிர்தரப்பு. 2020-ல கொண்டு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் அந்தப் பட்டியல் மூணாவது அட்டவணையா தொடருது. நல்ல சட்டம். ஆனா காண்ட்ராக்ட்ல போற ஆளுக்கு சம்பளச் சீட்டு ஏது, அடையாள அட்டை ஏது? "2016-ல இவர் குரோம் டிரம் வேலைன்னு சொல்லி கைப்புண்ணோட வந்தார்"ங்கற ஒரு அரசு மருத்துவமனைக் குறிப்பு, நோய் வந்த பிறகு வழக்குக்காக எழுதினது இல்லைங்கறதால, நல்ல ஆதரவுச் சாட்சி.

டாக்டர்களுக்கும் ஒரு கடமை இருக்கு, அதை நம்மள்ல நிறைய பேர் படிச்சு மறந்துட்டோம். 2025 வரைக்கும் நடைமுறையில இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, 89-ஆம் பிரிவு. தொழிற்சாலையில வேலை பாத்த ஒருத்தருக்கு அட்டவணையில இருக்கற நோய்னு தெரிஞ்சா, பாக்கற டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்துல தெரிவிக்கணும்னு அது சொல்லுச்சு. குரோம் புண் அந்த அட்டவணையில இருந்துச்சு. புதுசா வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் டாக்டருக்கு அந்தக் கடமை உண்டு. வேலைன்னு ஒரு கட்டமே இல்லாத ரெக்கார்டுல இருந்து யாரைப் பத்தி, எப்படித் தெரிவிப்பீங்க?

இப்போ கொஞ்சம் பெரிய படத்தைப் பாருங்க.

1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த நாள். சட்டம் படிக்கற பசங்க இன்னிக்கும் படிக்கற தீர்ப்பு. மாசுபடுத்தினவன்தான் பணம் கட்டணும்ங்கற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்துல ஊன்றி நின்னது நம்ம பாலாத்தங்கரை வழக்குலதான். டேனரி பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுப்போச்சுன்னு அந்தத் தீர்ப்புலயே வரும். அந்தத் தீர்ப்பால வந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல கணக்குப் போட்டு, வேலூர் மாவட்டத்துல 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய்னு சொல்லுச்சு. தொகை குறைச்சல்தான். விஷயம் அதோட முடியவும் இல்லை, 2025 ஜனவரி 30-ல சுப்ரீம் கோர்ட் திரும்பவும் இதே பாலாறு விஷயத்துல தீர்ப்பு குடுக்க வேண்டி வந்தது.

ஆனா யோசிச்சுப் பாருங்க. 29,193-ன்னு கடைசி இலக்கம் வரைக்கும் எப்படி எண்ண முடிஞ்சுது? நிலத்துக்கு சர்வே நம்பர் இருக்கு. பட்டா இருக்கு. விஏஓ கையில அடங்கல் இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து ஒவ்வொரு சென்ட் நிலத்துக்கும் ஒரு வரி எழுதி வெச்சிருக்கோம். அதனால "இந்த நிலம், இந்த ஆள், இவ்வளவு நட்டம்"னு சொல்ல முடிஞ்சுது.

அதே டேனரிக்குள்ள முப்பது வருஷம் நின்னவரோட நுரையீரலுக்கு சர்வே நம்பர் இல்லை. அவர் கைத்தோலுக்கு அடங்கல் இல்லை. நிலத்தைவிட உடம்பு குறைவாத்தான் கெட்டுச்சுன்னு யாராவது சொல்ல முடியுமா? எண்ணிப் பாக்கறதுக்கு ஏடே கிடையாது.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும்.

"மாநில அரசோட ஆன்லைன் சிஸ்டம் இருக்கே, அப்புறம் எதுக்கு ஆக்சஸ்?" இருக்கு, நல்லது, இன்னிக்கு வர்றவரை அதுலதான் பதியணும். இரட்டைப் பதிவு பண்ணி நர்ஸுங்க உயிரை எடுக்கச் சொல்லலை. நான் பேசறது அலமாரியில கிடக்கற பழைய தாளைப் பத்தி. அது எந்த ஆன்லைன் சிஸ்டத்துக்குள்ளயும் தானா நடந்து போகாது. நாளைக்கு அரசு அதைக் கேட்டா, ஏழு கட்டம் டைப் அடிச்ச டேபிளும் ஒழுங்கா பேர் வெச்ச ஃபோல்டரும் இருந்தா, ஒரு மதியத்துல மாத்திக் குடுத்துடலாம். ஓஎல்இ-க்குள்ள புதைச்ச படத்தை வெளிய எடுக்கறது தனி நரகம்.

"ஒரு நாளைக்கு இருநூறு ஓபி சார், எங்க நேரம்?" இதுல நியாயம் இருக்கு. அதனாலதான் டைப் அடிக்க விடாம கீழிறங்கு பட்டியல் வைங்கன்னு சொல்றேன். ஊறவைக்கறது-சுண்ணாம்பு, குரோம் டிரம், பஃபிங், ஸ்ப்ரே, ஷூ-பசை, ஷூ-தையல், கழிவு நீர்-குழி, தோல் மண்டி, வேற வேலை. ஒரு கிளிக். பக்கத்துல எத்தனை வருஷம்ங்கறதுக்கு ஒரு எண். பழைய தாள்ல வேலை எழுதலையா? "தெரியாது"ன்னு ஒரு வரியும் பட்டியல்ல இருக்கட்டும், காலியா விடாதீங்க. காலிக் கட்டம்னா கேக்கலைன்னும் இருக்கலாம், பதில் வரலைன்னும் இருக்கலாம்.

எல்லாத் தாளையும் ஸ்கேன் பண்ணணும்னும் இல்லை. தோல், மூச்சு, மூக்கு, புற்றுநோய் சந்தேகம், வேலையிடத்து விபத்து. இந்த அஞ்சு வகையை மட்டும் முதல்ல எடுங்க. சளி காய்ச்சல் சீட்டை யாரும் இருபது வருஷம் கழிச்சுத் தேட மாட்டாங்க.

இப்போ தோல் வேலை பாக்கற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்.

மருத்துவமனையில அட்மிட் ஆனா, டிஸ்சார்ஜ் சம்மரியில உங்க வேலையை எழுதச் சொல்லிக் கேளுங்க. "கூலி"ன்னு இல்லாம "டேனரி, குரோம் டிரம், 11 வருஷம்"னு. கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க, எழுதறதுக்கு எங்களுக்குப் பத்து செகண்ட் ஆகாது. கம்பெனி பேரைச் சொல்ல பயமா இருந்தா வேலையை மட்டுமாவது சொல்லுங்க, ஆனா பேரும் இருந்தா பின்னாடி உதவும். கேஸ் ஷீட் நகல் வேணும்னா எழுதிக் குடுத்துக் கேளுங்க, 72 மணி நேரம்ங்கற விதி உங்களுக்காக இருக்கு.

மஞ்சப்பையில ஈசிஜி இருந்தா இந்த வாரமே ஜெராக்ஸ் எடுத்துடுங்க, ஜெராக்ஸ் வெளுக்காது. எக்ஸ்ரே ஃபிலிமை மடிக்காதீங்க. எல்லாத் தாளையும் வெளிச்சத்துல வெச்சு போட்டோ எடுத்து வைங்க. பையன்கிட்டயோ பொண்ணுகிட்டயோ சொன்னா, நாலு கட்டத்தோட ஒரு எக்செல் ஷீட் போட்டுக் குடுத்துடுவாங்க: தேதி, ஆஸ்பத்திரி, என்ன நோய்னு சொன்னாங்க, அப்போ என்ன வேலை பாத்துட்டு இருந்தீங்க, எங்க.

மருத்துவமனையில இதை ஆரம்பிக்க நினைக்கறவங்களுக்கு டேபிள் அமைப்பும் வேலைப் பட்டியலும் போட்ட காலி ஃபைல் ஒண்ணு வெச்சிருக்கேன். கமென்ட்ல கேளுங்க, அனுப்பறேன். வேலைப் பட்டியல்ல நான் விட்ட வேலை ஏதாவது இருந்தா, டேனரிக்குள்ள இருந்தவங்கதான் சொல்லணும்.